புதிய இயங்குதளமும் பழைய விளையாட்டும்

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

தேய்ந்துபோகும் பொருள்களை நாம் அறிவோம். சைக்கிளின் சங்கிலி தேயும். மண்வெட்டியின் முனை மழுங்கும். அம்மிகூடக் கொத்துபவரைத் தேடும். ஆனால் கணினி நிரல் தேய்வதில்லை. 1990இல் எழுதப்பட்ட ஒரு விளையாட்டை இன்று நகலெடுத்துப் பார்த்தால், அன்றிருந்த ஒன்றுகளும் பூச்சியங்களும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருக்கும். இருந்தும் இன்றைய கணினியில் அதை ஓடச் சொன்னால் ஓட மறுக்கிறது. தேயாத பொருள் ஏன் ஓடவில்லை?

இக்கேள்விக்கு நம்மில் பலர் தரும் விடை, "பழசாகிவிட்டது, அவ்வளவுதான்" என்பது. பழையது கழிவதும் புதியது புகுவதும் இயல்பென்று இலக்கண ஆசிரியரைத் துணைக்கு அழைப்போரும் உளர். அவர் அதைச் சொன்னது மொழிக்கு. எந்தச் சொல்லையும் எவரும் ஆணையிட்டுக் கழிப்பதில்லை. மக்கள் நாவிலிருந்து அது தானே விலகுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று வகுப்பில் நாம் சொல்லும் இயங்குதளத்தின் கதை வேறு. எந்தப் பழைய வழியைத் திறந்து வைப்பது, எதை அடைப்பது என்பதைச் சிலர் ஓரிடத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அடைப்பதற்குக் காரணம் இருக்கலாம். பல சமயம் நல்ல காரணமே இருக்கிறது. ஆயினும் அது மனிதர் எடுத்த முடிவு. அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கல்லூரி மலரில் விளையாட்டைப் பற்றியா கட்டுரை என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கலாம். கடிதம் தட்டச்சு செய்யும் நிரலும் கணக்குப் பார்க்கும் நிரலும் கணினியிடம் கொஞ்சமே கேட்கும். விளையாட்டோ திரை, ஒலி, நினைவகம், கடிகாரம் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும். கேட்டது அந்தக் கணமே கிடைத்தாக வேண்டும். ஆகவே அடித்தளம் ஓர் அங்குலம் அசைந்தாலும் முதலில் விழுவது விளையாட்டுத்தான். இயங்குதளம் தன் பழைய வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல உரைகல் இல்லை.

தொடக்க நாளிலிருந்து பார்ப்போம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் பிராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அந்நாளில் விளையாட்டு எழுதியோர் பலர் அந்த வேகத்தையே தமக்குக் கடிகாரமாக வைத்துக்கொண்டனர். வெற்றுச் சுற்று ஒன்றை இத்தனை முறை சுற்றினால் இத்தனை நேரம் கழியும் என்பது கணக்கு. வேகமான பிராசஸர் வந்ததும் கணக்குத் தப்பியது. நடக்க வேண்டிய பொம்மை கண்ணுக்குத் தெரியாமல் பாய்ந்தது. அதற்காகக் கணினிப் பெட்டியின் முகப்பிலே டர்போ என்றொரு பொத்தான் வைத்தனர். பெயர் டர்போ; அதன் உண்மையான பயனோ வேகத்தைக் குறைப்பது! டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல்களுக்கு இன்னொரு வினோதமான முடிவு வந்தது. கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும் ஒரு சிறு பகுதி அவற்றின் தொடக்கத்தில் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் வந்த பிராசஸர்களில் அளந்து வகுத்த விடை, ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. "பிழை எண் 200" என்று சொல்லிவிட்டு நிரல் தொடங்கும் முன்பே நின்றது. கணினி மெதுவாக இருந்ததால் நின்ற நிரல்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வேகமாக இருந்ததால் நின்ற நிரல்கள் இவை.

அக்காலத்து டாஸ், வாடகைக்கு வந்தவரிடம் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட வீட்டுக்காரரைப் போன்றது. விளையாட்டு எதையும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. திரையின் நினைவகத்தில் தானே எழுதும், ஒலி அட்டையோடு தானே பேசும். ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிப் பின்பு டாஸுக்கு வந்த டேஞ்சரஸ் டேவ், ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2இல் வெளியிட்டு மறு ஆண்டு டாஸுக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆகியவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்ப் பள்ளிக் கணினி அறைகளில் 'டேவ்', 'பிரின்ஸ்' என்று செல்லமாக வழங்கியவை இவைதாம்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து சாவிகளை வாங்கிக்கொண்ட காலம் விண்டோஸ் 95இன் காலம். 1995 ஆகஸ்ட் 24 அன்று அது விற்பனைக்கு வந்தது. வருவதற்கு முன் நடந்த ஒரு செய்தியை இயங்குதளம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நகரம் கட்டும் விளையாட்டான சிம்சிட்டியை விண்டோஸ் 3க்கு எழுதியவர் ஜான் ராஸ். அவர் நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும், அந்த இடத்தையே எட்டிப் பார்த்துப் படித்தது அது. பழைய விண்டோஸ் அவ்விடத்தை உடனே வேறொருவருக்குக் கொடுக்காததால் பிழை வெளிப்படவில்லை. விண்டோஸ் 95இன் சோதனைப் பதிப்பில் சிம்சிட்டி விழுந்தது. மைக்ரோசாப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விண்டோஸுக்குள்ளேயே ஒரு துண்டு நிரல் எழுதிச் சேர்த்தார்கள். ஓடுவது சிம்சிட்டியா என்று பார். ஆம் எனில், திருப்பிக் கொடுத்த இடத்தை உடனே பறிக்காமல் கொஞ்சம் பொறு. ராஸ் தம் வாயால் சொன்னதாக ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் நிரலாளர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு விளையாட்டின் பிழைக்காக ஓர் இயங்குதளமே வளைந்து கொடுத்தது! இதைக் கருணை என்று நான் சொல்லவில்லை. புதிய விண்டோஸ் வாங்கியவர் வீட்டில் சிம்சிட்டி ஓடாவிட்டால் அவர் ஏசப்போவது ஜான் ராஸை அன்று, விண்டோஸை. விற்பனை கெடும். ஆகவே வாணிகமும் கடமையும் அன்று ஒரே வண்டியில் பயணம் செய்தன. அவை இரண்டும் பிரிந்த பிறகு என்ன ஆனது என்பதே நம் கதையின் மறுபாதி.

64 பிட் வந்தது. முந்தைய 32 பிட் பிராசஸர்களில் பழைய 8086 பிராசஸரைப் போல நடிக்கும் ஒரு நிலை இருந்தது. டாஸ் நிரல்களை விண்டோஸ் அதற்குள் ஓட்டியது. 64 பிட் நிலைக்குப் போன பிராசஸரில் அந்த வசதி கிடையாது. எனவே 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் நிரல் ஓடாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990களின் நடுவில் வந்த விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றில் விளையாட்டு 32 பிட். அதைக் கணினியில் ஏற்றும் நிரல் மட்டும் 16 பிட். விளையாட்டு ஓடத் தயார், ஏற்றத்தான் வழியில்லை! பரவலாகப் பயன்பட்ட சில ஏற்று நிரல்களை மட்டும் அடையாளம் கண்டு 64 பிட் விண்டோஸ் தானே மாற்றிக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத விளையாட்டின் குறுந்தகடு வெறும் தட்டுத்தான்.

விண்டோஸ் எக்ஸ்பியில் பின்பால் விளையாடாதவர் யார்? 1995இல் விண்டோஸ் 95க்கான துணைத் தொகுப்பில் வந்து, எக்ஸ்பி வரை கூடவே வந்த அந்த 'ஸ்பேஸ் கேடட்', விஸ்டாவில் காணாமற் போனது. காரணத்தை மைக்ரோசாப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதினார். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதன்மேலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்தது. நிரலோ பல ஆண்டுகளுக்கு முன் வெளி நிறுவனம் எழுதியது. விளக்கக் குறிப்புகள் இல்லை. மோதலைக் கணக்கிடும் பகுதி எது என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை. மாற்ற வேண்டிய வரிகள் இன்னும் பல லட்சம் கிடந்தன. விளையாட்டைக் கைவிட்டார்கள். நிரலில் குறிப்பு எழுதுங்கள் என்று செய்முறை வகுப்பில் நம் ஆசிரியர்கள் சொல்லும்போது நாம் சலித்துக்கொள்கிறோம் அல்லவா? நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

காசு கொடுத்து வாங்கியவன் ஏமாந்த கதையும் உண்டு. திருட்டு நகலைத் தடுக்க சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்னும் பூட்டுகளை விளையாட்டுத் தட்டுகளில் போட்டு விற்றனர். சேஃப்டிஸ்க்கின் ஒரு பகுதி விண்டோஸின் அடிமடியில், எல்லா அதிகாரமும் உள்ள இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின் மூலம் அது நிறுத்தப்பட்டது. இதில் மைக்ரோசாப்ட் செய்தது சரியே. திருடன் நுழையும் ஓட்டையை விட்டுவைக்க முடியாது. ஆனால் முடிவைப் பாருங்கள். கடையில் முறையாக வாங்கியவரின் தட்டு ஓடவில்லை. பூட்டை உடைத்துத் திருட்டு நகல் எடுத்தவரின் விளையாட்டு ஓடியது. பிறர் நிலத்தில் பூட்டைப் புதைத்து வைத்து விற்ற நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டு 2005இல் கணினிக்கு வந்தது. நம் விடுதி மாணவரில் அதை அறியாதவர் குறைவு. அதில் ஸ்கிம்மர் என்று நீரில் இறங்கும் சிறு விமானம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வெளிவந்த பின், அதை ஏற்றிக்கொண்டவர்களின் விளையாட்டில் ஸ்கிம்மர் மறைந்தது. வலிந்து வரவழைத்து அதில் ஏறினால், ஆட்டக்காரரை அது விண்வெளிக்குத் தூக்கி எறிந்தது. மற்ற எல்லா வாகனங்களும் வழக்கம்போல் இருந்தன.

சைலன்ட் என்ற புனைபெயருடைய நிரலாளர் 2025 ஏப்ரலில் இதன் வேரைக் கண்டு எழுதினார். வாகனங்களின் விவரங்கள் ஒரு கோப்பில் வரிவரியாக உள்ளன. ஒவ்வொரு வரியிலும் சக்கரத்தின் அளவு இருக்க வேண்டும். ஸ்கிம்மரின் வரியில் மட்டும் அது விடுபட்டிருக்கிறது. முந்தைய விளையாட்டான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு வகையில் சேர்க்கப்பட்டிருந்தது. படகுக்குச் சக்கர அளவு வேண்டியதில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக்கியவர்கள் அளவைச் சேர்க்க மறந்தார்கள். நிரலும் "அளவு இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்" என்று எதையும் சொல்லி வைக்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று? முந்தைய வரியைப் படித்தபோது ஸ்டாக் நினைவகத்தில் மிஞ்சிக் கிடந்த எண்ணையே எடுத்துக்கொண்டது. முந்தைய வரியில் இருந்தது ஒரு வேன். ஆக, இருபது ஆண்டுகளாக அந்த விமானம் பக்கத்து வேனின் சக்கர அளவைக் கடன் வாங்கிப் பறந்துகொண்டிருந்தது!

24எச்2இல் விண்டோஸ் தன் உள்வேலை ஒன்றின் முறையை மாற்றியது. அந்த வேலை ஸ்டாக்கில் முன்பைவிடச் சற்று அதிக இடத்தைப் பயன்படுத்தியது. வேன் விட்டுச் சென்ற எண் அழிந்து, அங்கே அர்த்தமற்ற பெரிய எண் ஒன்று வந்து உட்கார்ந்தது. விமானம் வானத்தில் எட்டாத உயரத்துக்குப் போனது.

இங்கே குற்றவாளி யார்? சட்டப்படி விளையாட்டை எழுதியவர்களே. அழியக்கூடிய இடம் அழிந்தது. விண்டோஸ் எந்த வாக்கையும் மீறவில்லை. ஆனால் சிம்சிட்டியின் பிழையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதானே? தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைப் படித்தது அதுவும். அன்று இயங்குதளம் முன்கூட்டியே சோதித்து, கண்டு, வளைந்து கொடுத்தது. இன்று ஆட்டக்காரர்கள் முறையிட்ட பிறகு, ஊதியம் எதுவும் பெறாத ஓர் ஆர்வலர் தம் நேரத்தைச் செலவிட்டுத் திருத்தம் எழுதினார். அதே 24எச்2, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் அசாசின்ஸ் கிரீட் வரிசையில் வந்த சில விளையாட்டுகளைத் தடுமாற வைத்தது. அவை இருக்கும் கணினிகளுக்கு அந்தப் பதிப்பைக் கொடுக்காமல் 2024 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுத்தி வைத்தது. அது நல்ல செயல். ஆனால் சந்தையில் விலைபோகும் பொருளுக்கே அந்தக் கவனம் கிடைக்கிறது என்பதும் தெரிகிறது.

இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'பழையது' என்பது எல்லோருக்கும் ஒரே நாளில் பழையதாவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் பிறந்தது. 2014 ஏப்ரல் 8இல் மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2015இல். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். தாய்மாமன் வேலை பார்த்த அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி ஒன்றை அவர் சொற்ப விலைக்கு வாங்கி வந்து கொடுத்தார். அதில் எக்ஸ்பி இருந்தது, டேவும் இருந்தது. எங்கள் தெருவுக்கே அது புத்தம் புதுசு! கறுப்புத் திரையில் தட்ட வேண்டிய நான்கு கட்டளைகளை மாமா ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். என் வாழ்வில் நான் மனப்பாடம் செய்த முதல் ஆங்கில வரிகள் அவையே. கோப்புறை என்றால் என்ன, ஒன்றுக்குள் ஒன்று எப்படி இருக்கும் என்பதெல்லாம் டேவைத் தேடிப் போகும் வழியில் கற்றது.

2019இல் கணினி பழுதாகி, பழுது பார்க்கும் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அதில் விண்டோஸ் 7 இருந்தது. "புதுசு போட்டுக் கொடுத்திருக்கேன் தம்பி" என்றார் கடைக்காரர். டேவைத் தொட்டேன். இந்தக் கணினி முழுத்திரையைத் தாங்காது என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றது. விஸ்டாவிலிருந்து திரையை இயக்கும் முறை மாறிவிட்டதும், புதிய முறையில் டாஸ் நிரல் முழுத்திரையைப் பிடிக்க இயலாது என்பதும் பின்னாளில் படித்து அறிந்தவை. மைக்ரோசாப்ட் விஸ்டாவைக் கடைக்குக் கொண்டுவந்தது 2007 ஜனவரியில். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதற்கு முன்பே டேவை ஆடி முடித்து வேறு விளையாட்டுக்குப் போய்விட்டிருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தவனுக்குத்தான் கதவு மூடியிருந்தது தெரிந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தாமதமாகவே வருகிறோம். பிறர் ஆண்டு முடித்த பொருள் நம் கைக்கு வருகிறது. ஆகவே பழையதை ஓடவிடாமல் செய்யும் ஒவ்வொரு முடிவும் முதலில் வந்தவரைவிடக் கடைசியில் வந்தவரையே அதிகம் தொடுகிறது. இந்தக் கணக்கை எந்த வெளியீட்டு விழாவிலும் எவரும் சொல்வதில்லை.

இது முடிந்த கதையும் அன்று. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 16 பிட் நிரலை ஏற்கக்கூடிய கடைசி விண்டோஸான 32 பிட் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தைய பிராசஸர் உள்ள கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதுமில்லை.

அன்றைக்கு எனக்கு வழி காட்டியவர் எங்கள் ஊர்ப் பள்ளியின் கணினி ஆசிரியை. பென்டிரைவ் ஒன்றில் டாஸ்பாக்ஸ் என்னும் நிரலைத் தந்தார். 2002 முதல் வெளிவரும் இது, பழைய கணினி ஒன்றையே புதிய கணினிக்குள் நிரலால் உருவாக்கிக் காட்டுவது. டேவ் நம்பி ஏமாறுகிறான். தான் இருப்பது பழைய பெட்டிக்குள் என்றே எண்ணிக்கொண்டு ஓடுகிறான். ஒரு கணினி இன்னொரு கணினியாக எப்படி நடிக்க முடியும் என்ற வியப்புத்தான் என்னை இந்தப் பாடத்துக்கு இழுத்து வந்தது.

ஏட்டுச் சுவடிகளின் நினைவு இங்கே வருகிறது. செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினால் நூல் பிழைத்தது. விளையாட்டுக்கு அது போதாது. நூலோடு சேர்த்து அதைப் படிக்கும் கண்ணையும் பெயர்த்து எழுத வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பழைய சாகச விளையாட்டுகளுக்கு 2001இல் தொடங்கிய ஸ்கம்வி.எம்., விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட 1993இல் தொடங்கிய வைன் எல்லாம் அப்படி வளர்ந்தவை. வைனை அடித்தளமாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டானை வெளியிட்டது. இன்று புதிய விண்டோஸில் முரண்டு பிடிக்கும் பழைய விண்டோஸ் விளையாட்டுகளில் சில, லினக்ஸில் சாதுவாக ஓடுகின்றன. மாமியார் வீட்டில் கிடைக்காத மரியாதை அடுத்த வீட்டில் கிடைத்தது போல!

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, "பழைய வாசல் ஒவ்வொன்றையும் திறந்தே வைத்தால் காவல் காப்பது யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சேஃப்டிஸ்க் செய்த வேலையை மேலே பார்த்தோம். பழைய வழிகளைச் சுமக்கச் சுமக்க இயங்குதளம் பருத்துப்போகும், பிழை கூடும், சோதனைச் செலவு ஏறும். ஆனால் பழையதை நடுவீட்டில் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தனி அறை ஒன்றில், கதவைச் சாத்தி வைக்கலாமே. ஊர்பேர் தெரியாத ஆர்வலர்கள் டாஸ்பாக்ஸை எழுத முடிந்தபோது, எல்லா ஆவணங்களும் கையில் உள்ள நிறுவனங்களால் முடியாதா? மைக்ரோசாப்டே 2009இல் விண்டோஸ் 7க்கு எக்ஸ்பி மோட் என்ற ஒன்றைத் தந்தது. எக்ஸ்பி முழுவதையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தருவது. ஆனால் அது புரொஃபஷனல், அல்டிமேட் போன்ற விலை கூடிய பதிப்புகளுக்கு மட்டும். வீட்டுப் பதிப்பு வாங்கியவருக்கு இல்லை. அதுவும் அலுவலக நிரல்களுக்காகத் தந்தது. முப்பரிமாண விளையாட்டுகளுக்கு உதவாது. ஆகவே முடியாது என்பது காரணமன்று. யாருக்காகச் செய்வது என்பதே கேள்வி.

ஆப்பிள் நிறுவனத்தின் போக்கு இன்னும் கண்டிப்பானது. 2019 அக்டோபரில் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா, 32 பிட் நிரல்கள் அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்தியது. முந்தைய நாள் வரை ஓடிய எத்தனையோ விளையாட்டுகள் மறுநாள் ஓடவில்லை. அதே ஆப்பிள், இன்டெல் நிரல்களைப் புதிய பிராசஸரில் ஓட்டும் ரொசெட்டாவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தபோது, எழுதியவர்கள் கைவிட்டுவிட்ட பழைய விளையாட்டுகளுக்காக அதன் ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்போம் என்றும் சொன்னது. ஆறு ஆண்டுகளில் வந்த இந்தச் சிறு மாற்றத்தை நான் வரவேற்கிறேன். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

இதைவிட எளிய வழி ஒன்று 1997இலேயே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் உலகுக்குத் திறந்துவிட்டது. அதனால் டூமுக்கு இயங்குதளப் பிரச்சினையே இல்லை. எந்தக் கணினி வந்தாலும் எவரோ ஒருவர் அதற்கேற்ப மாற்றிவிடுகிறார். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரலோ தொலைந்தது என்றே கருதப்பட்டு, 2012இல் மெக்னரின் தந்தை வீட்டில் ஒரு பெட்டிக்குள் பிளாப்பித் தட்டுகளாகக் கண்டெடுத்தார். மெக்னர் அதை வெளியிட்டார். எல்லா விளையாட்டுக்கும் அப்படிப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கும் தந்தை வாய்ப்பதில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆய்வு செய்து கூறியது. விற்பதுமில்லை, திறந்துவிடுவதுமில்லை என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன பயன்?

நம் நாட்டுச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும். அதுவரை காத்திருந்தால் தட்டும் மிஞ்சாது, தட்டைப் படிக்கும் கருவியும் மிஞ்சாது. ஆயினும் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைக்க இடம் தருகிறது; வேறொரு நிரலோடு ஒத்து இயங்கச் செய்வதற்குத் தேவையான செய்தி எளிதில் கிடைக்காவிடில், அதை ஆராய்ந்து அறியவும் இடம் தருகிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விற்பனையை நிறுத்திப் பத்தாண்டு கடந்த விளையாட்டுக்கு நூலகங்களும் கல்லூரிகளும் எமுலேட்டர் வழியே உயிர் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் ஒரு பைசா நட்டமில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். நம் துறையிலேயே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வகத்தில் புதிய கணினிகள் வரும்போது பழையவற்றைக் கழிவுக் கணக்கில் எழுதி ஏலம் விடுவது வழக்கம். அவற்றில் இரண்டை மட்டும் நிறுத்தி வைக்குமாறு துறைத் தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றில் எக்ஸ்பி, மற்றொன்றில் லினக்ஸும் டாஸ்பாக்ஸும். எக்ஸ்பி இருப்பதை இணையத்தோடு இணைக்கக் கூடாது. பேராசிரியரின் காவல் கவலைக்கு அது போதும். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று. எந்த விளையாட்டு எதில் ஓடியது, எதில் நின்றது, நின்றபோது வந்த செய்தி என்ன, எதை மாற்றியதும் ஓடியது என்று வருகிற மாணவர்கள் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். எங்களுக்கு இவ்வாண்டு இயங்குதளப் பாடம் இருக்கிறது. நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்த பின் படிப்பது பற்றிப் புத்தகத்தில் அரைப் பக்கம் வருகிறது. அந்த நோட்டின் ஒரு பக்கம் அதைவிடத் தெளிவாகச் சொல்லும். சனிக்கிழமை பிற்பகலில் வந்து கணினிகளைத் துடைத்து ஓட்டிப் பார்க்க எங்கள் வகுப்பில் நான்கு பேர் அணியமாக இருக்கிறோம். முதலில் எந்த விளையாட்டை ஏற்றுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.